ஒருநாள் விட்டு ஒருநாள்

அம்மா காலி மாத்திரை அட்டைகளைத் தூக்கிப்போட மாட்டாள். கேட்டால், "அடுத்தவாட்டி கடைல காட்டி வாங்கணும்ல" என்பாள். ஒன்றரை வருடமாக ஒரே மாத்திரை, கடைக்காரருக்கே மனப்பாடம். இருந்தாலும் பழைய பிஸ்கட் டப்பாவில் அட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். 2023-ல் தீபத்துக்கு ஊருக்கு வந்தவன், சென்னை கிளம்புவதற்கு முன்னால் இன்னும் எத்தனை மாத்திரை மிச்சம் என்று பார்க்க அந்த டப்பாவைத் திறந்தேன். அக்கறை என்று சொல்லிக்கொள்ளலாம். மாதக் கடைசி என்பதுதான் உண்மை.

அட்டைகள் விசித்திரமாக இருந்தன. ஒரு குழி பிதுக்கப்பட்டுக் கிழிந்திருந்தது. பக்கத்துக் குழி இருந்த இடமே இல்லை, கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டி எடுத்திருந்தது. அடுத்தது கிழிசல், அதற்கடுத்தது வெட்டு. எல்லா அட்டைகளிலும் அப்படியே. யாரோ உட்கார்ந்து கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல கணக்காகச் செய்திருந்தார்கள்.

"யாருக்கும்மா வெட்டிக் குடுக்கற?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அத்தைக்கு. நான் ஒருநாளு, அது ஒருநாளு."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்த மாத்திரை ஒன்று அறுபது ரூபாய்க்குக் கிட்டத்தட்ட வரும். மாதம் ஆயிரத்து எண்ணூறு. அப்போது என் சம்பளம் இருபத்து நான்காயிரம், அதில் அறை வாடகை போக, கடன் தவணை போக, இந்தத் தொகையை மட்டும் ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. "இன்னா பிரசாதமா இது, பிட்டுப் பிட்டுக் குடுக்கறதுக்கு? பாதி போட்டா பாதி குணமாவும்னு நெனச்சினு இருக்கியா? ரெண்டு பேருக்குமே இல்லாம போவும்."

அம்மா குரலை உயர்த்தவில்லை. "ஒரு தட்டு சோறு இருக்குது. வீட்ல ரெண்டு பேரு இருக்கறோம். நீயா இருந்தா இன்னா பண்ணுவ?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பி வந்துவிட்டேன். செங்கம் ரோடு முழுக்க, திரும்பிப்போகிற தீபக் கூட்டம். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் முழுசாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. அதை யோசித்துப் பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

*

அத்தை என்பது அப்பாவின் அக்கா. வட ஒத்தவாடைத் தெருவில், அம்மணி அம்மன் கோபுரத்துக்குப் பக்கத்தில் பூ விற்கிறாள். நான் ஏழாவது படிக்கும்போது அப்பாவின் சைக்கிள் கடை மூடிப்போய் எட்டு மாதம் அவர் வீட்டில் சும்மா இருந்தார். அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டில் அரிசி தீரவில்லை. தீராததற்குக் காரணம் அத்தை என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும்.

2022 கோடையில் அம்மாவுக்கு மூச்சிரைத்தது, கால் வீங்கியது. இருபது வருட சர்க்கரை இதயத்தில் வேலையைக் காட்டிவிட்டது என்றார் டாக்டர். மெட்ஃபார்மின் ஏற்கெனவே உண்டு. அதோடு எம்பாக்ளிஃப்ளோசின் 10 மி.கி. என்று புதிதாக எழுதினார், காலையில் ஒன்று. அடுத்த வருடம் அத்தைக்கும் அதே மாதிரி இரைப்பு. அம்மாதான் அதே டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவரும் அதே மாத்திரையை எழுதினார். அத்தை சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள், மருந்துக்கடை வாசல்வரைகூடப் போகவில்லை. மழை நாளில் அவளுக்கு நூற்றைம்பது ரூபாய் மிஞ்சினாலே பெரிது. அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற பழைய மாத்திரைகளை மட்டும் போட்டுக்கொண்டு வந்தாள். இந்த நிலையில்தான் அம்மா கத்தரிக்கோலை எடுத்திருக்கிறாள்.

சோறு போட்டவளுக்கு மாத்திரை. அவளுடைய கணக்கில் அது மிகச் சரியாக இருந்தது.

திருவண்ணாமலையில் வளர்ந்தவர்களுக்குச் சோற்றின் நியாயம் எளிதில் புரியும். இந்த ஊரில் பௌர்ணமிக்குப் பதினான்கு கிலோமீட்டர் சுற்றி வருகிறவன் பசியோடு வீடு திரும்புவது கஷ்டம். கோயிலில் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. ஆசிரமங்களில் பந்தி. கிரிவலப் பாதையில் யாராவது ஒருவர் வேனை நிறுத்தி, தொன்னையில் பொங்கலோ புளிசாதமோ நீட்டிக்கொண்டே இருப்பார். யார், எந்த ஊர், எவ்வளவு சம்பாதிக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. மணிமேகலையில் பசியைப் பிணி என்றே சொல்லியிருக்கிறது. அந்தப் பிணிக்கு மருந்து இங்கே இலவசம்.

ஆனால் சோற்றுக்கு ஒரு குணம் இருக்கிறது. பாதித் தட்டு பாதிப் பசியை ஆற்றும். பங்கு போட்டால் இருவருக்கும் குறையும், ஆனால் இருவருக்கும் கிடைக்கும். மாத்திரை அப்படி நடந்துகொள்வதில்லை. தினமும் போட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் ஆய்வு இருக்கிறது. எம்பாக்ளிஃப்ளோசினை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2015-ல் வெளிவந்தது. சர்க்கரையோடு இதய நோயும் உள்ள 7,020 பேர் அதில் பங்கெடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களிடையே இதய, ரத்தக்குழாய் நோயால் ஏற்பட்ட மரணம் 38 சதவீதம் குறைந்திருந்தது. மருத்துவ உலகமே நிமிர்ந்து உட்கார்ந்த முடிவு அது. ஒருநாள் விட்டு ஒருநாள் நாத்தனாரோடு பங்குபோட்டுச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யாரும் 7,020 பேரை வைத்துச் சோதித்துப் பார்க்கவில்லை.

ஆக அம்மாவின் ஒழுக்கம், தவறான பொருளின் மேல் செயல்பட்ட நல்ல ஒழுக்கம் என்று எனக்குத் தோன்றியது. சோற்றுக்கான அறத்தை மருந்துக்குப் போடக்கூடாது. ஒருத்தியாவது முழுசாகப் பிழைக்க வேண்டாமா? கப்பல் கவிழ்ந்து இரண்டு பேர் ஒரு பலகையைப் பிடித்துத் தொங்கினால் இருவரும் மூழ்குவார்கள் என்று கல்லூரியில் படித்த உதாரணமெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் போனில் இதை அம்மாவிடம் சொல்லப் போனால் அடுத்த வாக்கியம் என்னவாக இருக்கும்? "அத்தைக்குக் குடுக்காத." அதை என்னால் சொல்ல முடியவில்லை. எட்டு மாத அரிசி தொண்டையில் நின்றது. இரண்டு பேருக்கும் வாங்க மூவாயிரத்து அறுநூறு வேண்டும், அதுவும் என்னிடம் இல்லை. கடைசியில் வழக்கம்போல மூன்று அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு, வெட்டுவதைப் பற்றிப் பேசாமல் இருந்தேன். சரியா தப்பா என்று முடிவெடுக்க முடியாத இடத்தில் நான் செய்வது பொதுவாக இதுதான்.

*

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மதுமேகம் என்று நம் ஆட்கள் பெயர் வைத்ததே சிறுநீரில் இனிப்பு போவதைப் பார்த்துத்தான். எறும்பு மொய்த்தால் நோய் என்று கண்டுபிடித்தார்கள். எம்பாக்ளிஃப்ளோசின் செய்வதும் அதைத்தான்: சிறுநீரகம் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டிய சர்க்கரையை உறிஞ்ச விடாமல் தடுத்து, சிறுநீரிலேயே வெளியே அனுப்பிவிடுகிறது. நோயின் அடையாளமே மருந்தாகிவிட்டது. இதன் மூதாதை ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையில் இருக்கிறது. 1835-ல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் அதிலிருந்து ஃப்ளோரிசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது சிறுநீரில் சர்க்கரையை வரவழைக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக எத்தனையோ பேர் தொட்டுத்தொட்டு வளர்த்த அறிவு அது. கடைசிக் கட்டத்தில் ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் எம்பாக்ளிஃப்ளோசினை உருவாக்கி 2005 மார்ச் 11 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. இருபது வருடம். அதாவது 2025 மார்ச் 11 வரை அந்த மூலக்கூறை வேறு யாரும் செய்து விற்கக் கூடாது.

மாத்திரை பங்கு போட முடியாதது என்று சொன்னேன் அல்லவா. அந்த மாத்திரையைச் செய்யும் முறை அதற்கு நேர் எதிரானது. அது எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் குறையாது. கார்த்திகை அன்று மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் ஊரே வாசலில் அகல் ஏற்றும். என் அகலிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் ஏற்றிக்கொண்டால் என் வீட்டு வெளிச்சம் குறையவா செய்கிறது? அமெரிக்காவின் ஜெஃபர்சன் 1813-ல் ஒரு கடிதத்தில் கண்டுபிடிப்புகளைப் பற்றி எழுதும்போது ஏறக்குறைய இதே விளக்கு உவமையைத்தான் சொல்லியிருக்கிறார். அவருக்கு அண்ணாமலையைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

பங்கு போட்டால் வீணாகிற பொருளை இரண்டு கிழவிகள் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். பங்கு போட்டாலும் குறையாத ஒன்றை, பங்கு போடக் கூடாது என்று சட்டம் காவல் காத்தது. இதைப் புரிந்துகொண்ட பிறகு அம்மாவின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இடம் மாறியது.

ஆனால் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். 7,020 பேரை வைத்து வருடக்கணக்கில் ஆய்வு நடத்தப் பணம் வேண்டும், அதை அந்த நிறுவனமும் அதன் கூட்டாளியும்தான் போட்டார்கள். லாபம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் போட்டிருக்க மாட்டார்கள். போடவில்லை என்றால் அம்மாவுக்கு வெட்டுவதற்கு அட்டையே இருந்திருக்காது. இதை மறைத்துவிட்டு "மருந்துக் கம்பெனி கொள்ளை" என்று கோஷம் போடுவது சுலபம். 1923-ல் பான்டிங்கும் சகாக்களும் இன்சுலின் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொரான்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த கதையை எல்லோரும் பகிர்கிறோம், நானும் பகிர்ந்திருக்கிறேன். அந்த ஒரு டாலருக்கு நூறு வருடம் கழித்தும் அமெரிக்காவில் இன்சுலின் வாங்க முடியாதவர்கள் இருந்தார்கள் என்பது கதையின் மறுபாதி. 2022-ல் சட்டம் போட்டுத்தான் அங்கே முதியோர் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு மாதம் 35 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஒருவருடைய பெருந்தன்மை அடுத்தவர் கைக்குப் போய்ச் சேரும்வரை பெருந்தன்மையாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

எனவே என் கேள்வி, அந்த ஆராய்ச்சிக்குப் பணம் தர வேண்டுமா என்பதல்ல. தர வேண்டும். அதை வட ஒத்தவாடைத் தெருவில் முழம் போட்டு விற்கிறவளிடம் வசூலிக்க வேண்டுமா என்பதுதான். அவளால் தர முடியவில்லை, அதனால் அவள் வாங்கவும் இல்லை. அவளிடமிருந்து நிறுவனத்துக்கு ஒரு பைசா போகவில்லை. அவளுக்கு அது கிடைக்காமல் போனதால் எந்த ஆராய்ச்சிக்கும் எந்த லாபமும் இல்லை. இந்த இடத்தில்தான் என்னால் எதிர்த்தரப்போடு மேற்கொண்டு நடக்க முடியவில்லை.

*

இந்தக் கேள்வி நம் ஊருக்குப் புதிதல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ராஜகோபால அய்யங்கார் 1959-ல் காப்புரிமைச் சட்டம் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டவர் கையில் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை இங்கே பயன்படுத்தப்படுவதே இல்லை என்று அதில் கணக்குக் காட்டினார். அதன் அடிப்படையில் வந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துக்கு வேண்டாம், மருந்து செய்யும் வழிமுறைக்கு மட்டும் காப்புரிமை என்றது. அதே மருந்தை வேறு வழியில் செய்யலாம். நம் மருந்துக் கம்பெனிகள் வளர்ந்ததும், உலகத்துக்கே மலிவு விலை மருந்து அனுப்பியதும் அந்த ஒரு வரியால்தான். பிறகு உலக வர்த்தக ஒப்பந்தம். 2005 ஜனவரி 1 முதல் மருந்துக்கே காப்புரிமை திரும்பி வந்தது. எம்பாக்ளிஃப்ளோசின் விண்ணப்பத்துக்கும் இதற்கும் இடையே எழுபது நாள்.

முழுக்கவும் விட்டுக்கொடுத்துவிடவில்லை. பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றிப் புதுசு என்று சொல்லக் கூடாது என்கிற 3(டி) பிரிவை வைத்து, நோவார்டிஸின் புற்றுநோய் மருந்து கிளிவெக்கை 2006-ல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். 2013-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 2012-ல் இன்னொரு புற்றுநோய் மருந்தான நெக்ஸாவருக்கு அரசு கட்டாய உரிமம் கொடுத்தது. மாதம் 2.8 லட்சமாக இருந்தது 8,800 ரூபாய்க்கு வந்தது. இந்தியாவில் அப்படிக் கொடுக்கப்பட்ட ஒரே உரிமம் அதுதான்.

சர்க்கரைக்கும் ஒரு தடவை கேட்டார்கள். 2015-ல் ஹைதராபாத்தின் லீ பார்மா, சாக்ஸாக்ளிப்டின் என்ற மருந்துக்குக் கட்டாய உரிமம் கேட்டு விண்ணப்பித்தது. 2016 ஜனவரியில் நிராகரித்துவிட்டார்கள். இதே வகையில் வேறு மருந்துகள் சந்தையில் இருக்கின்றன, குறிப்பாக இதுதான் வேண்டும் என்பவர்கள் எத்தனை பேர் என்று நிறுவவில்லை என்றார்கள். தர்க்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைப் படித்தபோது சர்க்கரை நோயின் துரதிர்ஷ்டம் என்ன என்று எனக்குப் புரிந்தது. அது யாரையும் அவசரமாகக் கொல்வதில்லை. புற்றுநோய்க்காரர் நீதிமன்றத்தின் கண்ணுக்குத் தெரிகிறார். சர்க்கரைக்காரர் இன்றைக்கும் இருப்பார், நாளைக்கும் பூ விற்பார். எந்த ஒரு நாளையும் சுட்டிக்காட்டி, இந்த நாள் மருந்து இல்லாததால்தான் இப்படி ஆனது என்று சொல்ல முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறவருக்கு எந்த நாள் தவறியது என்று எப்படிக் காட்டுவது? 2023-ல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்றது. அவசரமே இல்லாத பத்துக் கோடி.

*

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு "மருந்தே இல்லை" என்று சொன்னால் பொய். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1994-ல் ஆரம்பித்த தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம், மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. கேட்க அலுப்பான விஷயம். ஆனால் ராஜஸ்தான் முதல் கேரளாவரை அதைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அத்தையின் மெட்ஃபார்மின் அந்த வழியில்தான் வருகிறது. 2021 ஆகஸ்ட்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, எங்கள் தெருவுக்கே ஓர் அக்கா பையோடு வருகிறார், பிரஷர் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். மெட்ஃபார்மின் 1957 முதல் பயன்பாட்டில் உள்ள மருந்து, இன்றைக்கும் முதலில் எழுதப்படுவது அதுதான். இலவசம் என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை.

என்னுடைய சங்கடம் இதுதான்: நடைமுறையில், காப்புரிமை முடிந்த மருந்துகள் ஏழைக்கு, முடியாத மருந்துகள் இருப்பவருக்கு என்று ஒரு கோடு தானாக விழுந்துவிடுகிறது. ஏழையின் இதயம் இருபது வருடம் பின்தங்கிய வைத்தியத்தில் ஓடுகிறது. இதை யாரும் திட்டமிடவில்லை. கண்டிக்கலாம் என்றால் ஆளைக் காணோம்.

காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடல் கோயிலில் பதினோராம் நூற்றாண்டின் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அங்கே கோயில் வருமானத்தில் நடந்த ஆதுலர் சாலையின் வரவுசெலவு அது. பதினைந்து படுக்கை, வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருகிறவர்கள், ஒரு வருடத்துக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் எல்லாம் உண்டு. பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, யாரை அந்தப் படுக்கையில் சேர்த்திருப்பார்கள் என்ற கேள்வி எனக்கும் இருக்கிறது. சோற்றுக்கு நிவந்தம் வைத்த அதே கை மருந்துக்கும் வைத்தது என்பதைத்தான் கவனித்தேன். இன்றைக்குக் கிரிவலப் பாதையில் வேனை நிறுத்தி சர்க்கரைப் பொங்கல் கொடுப்பவரிடம் போய், இதில் பாதியை மருந்துக்குக் கொடுங்கள் என்றால் சிரிப்பார். பாதையோரத்தில் படுத்திருக்கும் சாதுக்களில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனையோ பேர். மூன்று வேளையும் சோறு தேடி வந்துவிடும். வீடு தேடி வரும் மாத்திரை அவர்களிடம் எந்தக் கதவைத் தட்டும்?

*

2025 மார்ச் மூன்றாவது வாரம். தேரடித் தெரு மருந்துக்கடையில் சீட்டை நீட்டினேன். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது இப்ப எல்லாக் கம்பெனிலயும் வந்துடுச்சு. பத்து ரூவாக்கு உள்ளயே இருக்குது." மேன்கைண்ட் நிறுவனம் 10 மி.கி. மாத்திரையை ஐந்து ரூபாய் 49 காசுக்குக் கொண்டுவந்திருந்தது. பத்து நாளைக்கு முன் அறுபது.

மகிழ்ச்சி வர வேண்டும். வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஏதோ ஒன்றை இழந்ததுபோல இருந்தது. மூன்று வருடமாக மாதம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் என்பது நான் ஒரு நல்ல மகன் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே ரசீது. அறை நண்பர்களிடம் அதைச் சொல்லியிருக்கிறேன், பெண் பார்க்க வந்த வீட்டாரிடம்கூடப் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அது நூற்றெழுபது ரூபாய். மருந்து மலிவாக வேண்டும் என்று இவ்வளவு படித்தவனுக்குள் அது விலையாகவே இருக்கட்டும் என்று ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

அம்மா என்னைவிட மோசம். புது அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அறுவது ரூவா மாத்திரைல இருந்த சக்தி ஆறு ரூவா மாத்திரைல எப்டிடா இருக்கும்? எனக்குப் பழசையே வாங்கியா. இத அத்தைக்குக் குடு." பங்கு போட்ட பெண்மணிதான் பேசுகிறாள்! ஒரு மாதம் நானும் பழைய பிராண்டையே வாங்கிக் கொடுத்தேன். மூலக்கூறு ஒன்றுதான் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டே, பணத்தை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த மாதம் டாக்டரம்மா அதட்டிய பிறகுதான் மாறினாள்.

*

அத்தைக்கு மூன்று அட்டை முழுசாக எடுத்துக்கொண்டு போனேன். வெட்டாத அட்டை. சித்ரா பௌர்ணமிக்கு முந்தின வாரம். வீட்டில் இருந்தாள், முல்லை கட்டிக்கொண்டிருந்தாள். அட்டையை வாங்கி வைக்கச் சுருக்குப்பைக்குப் பதில் மஞ்சள்தூள் டப்பா ஒன்றைத் திறந்தாள். உள்ளே சின்னச் சின்னச் சதுரங்கள். அம்மா வெட்டிக் கொடுத்தவை. எண்ணினேன், பதினான்கு இருந்தன. சிலவற்றில் தேதி முடிந்துவிட்டிருந்தது.

"ஏன் அத்தை போடல?"

"வீட்ல இருக்கற நாள்ல போடுவேன். பூவுக்குப் போற நாள்ல போடல."

"ஏன்?"

அவள் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். வளர்ந்த பையனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பாள். "அதப் போட்டா மணிக்கொருக்கா போவ வேண்டியிருக்குது. காலைல அஞ்சு மணிக்குக் குந்தினா ராத்திரி பத்தாவும். எங்க போறது? காசு குடுத்துப் போற எடத்துல ஒருவாட்டிக்குப் பத்து ரூவா. கூடைய யாராண்ட வுட்டுட்டுப் போறது? வர்றதுக்குள்ள வேற ஆளு குந்திடும்."

ஒரு நாளைக்கு ஐந்து தடவை என்று வைத்தால் ஐம்பது ரூபாய். மாத்திரை ஆறு. மொத்தம் ஐம்பத்தாறு. மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு நான் பேசாமல் இருந்தேன். சர்க்கரையைச் சிறுநீரில் அனுப்பும் மருந்து என்று படித்துச் சிரித்தவன், அந்தச் சிறுநீர் எங்கே போகும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. ராஜகோபால அய்யங்கார் அறிக்கையிலும் அது இருக்க வழியில்லை.

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல, வேணாம்னு?"

"ஆசையா குடுக்கறா. வேணாம்னு எப்டிடா சொல்றது?" ஒரு முழம் முடித்து வாழைநாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அதுவுமில்லாம பௌர்ணமிக்கு விரதம் வேற."

டாக்டரம்மாவிடம் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிடாமல் இருக்கிற நாளில் அந்த மாத்திரையைப் போடாதது ஒருவகையில் நல்லதுதான், ஆனால் இதெல்லாம் என்னைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று கோபப்பட்டார். உடம்பில் நீர் வற்றிவிடுமாம். மற்ற நாளுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். பொதுவாகக் காலையில்தான் எழுதுவோம், ராத்திரி போட்டால் தூக்கம் கெடும், நாலைந்து தடவை எழுந்திரிக்க வேண்டியிருக்கும், அதனால்தான் என்றார்.

போனை வைத்துவிட்டு அத்தையிடம் அதை அப்படியே சொன்னேன். அவள் ஊசிப்போன முல்லைகளைத் தனியாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்ப ராத்திரில போட்டுக்கலாமா, கேட்டுச் சொல்லு. நான் எங்க தூங்கறேன்? ரெண்டு மணி வரைக்கும் பூதான கட்டினு இருக்கறேன்."

மறுபடியும் போனை எடுத்தேன்.